10 ரேஸ் ஜெயிச்சும் மூணாவது இடமா? 2014 ஐரோப்பிய எஃப்3 சீசன் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா

பிட்ஸ்டாப் செல்வா
வணக்கம் மக்களே. நான் எஃப்1 (ஃபார்முலா 1 கார் பந்தயம்) பாக்க ஆரம்பிச்சதே 2021ல மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், லூயிஸ் ஹாமில்டன் சண்டை நடந்த சீசன்லதான், அதனால அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் இப்பதான் ஒண்ணொண்ணா தேடிப் படிச்சிட்டு இருக்கேன். நேத்து மேக்ஸ் எஃப்1 வர்றதுக்கு முன்னாடி என்ன ஓட்டுனாருன்னு பாத்தா ஒரே ஒரு முழு சீசன்தான், 2014 எஃப்ஐஏ (கார் பந்தயத்துக்கான உலக அமைப்பு) ஐரோப்பிய ஃபார்முலா 3, அதாவது எஃப்1க்குக் கீழ இளம் ஓட்டுநர்களுக்கான எஃப்3 பந்தயம், வான் அமெர்ஸ்ஃபோர்ட் டீம். அதுல 33 ரேஸ், மேக்ஸ் 10 ஜெயிச்சிருக்கார், அந்த வருஷம் வேற யாரும் அவ்ளோ ஜெயிக்கல. ஆனா டேபிள்ல எஸ்டபான் ஓகான் 478 பாயிண்டோட சாம்பியன், டாம் ப்ளோம்க்விஸ்ட் 420, மேக்ஸ் 411ல மூணாவது. ஓகான் 9 ஜெயிச்சிருக்கார் சரி, ப்ளோம்க்விஸ்ட் வெறும் 6 ஜெயிச்சுட்டு எப்படி மேல போனார்னு எனக்குப் பிடிபடவே இல்ல. பாயிண்ட் முறை வேற மாதிரியா, கார்ல குறையா, இல்ல நிறைய மோதிட்டாரா? ரிசல்ட் ஷீட்ட வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்தேன், அந்த சீசன நேர்ல ஃபாலோ பண்ணவங்க சொன்னாதான் புரியும்னு தோணுது. கொஞ்சம் விரிவாவே எழுதுங்க, பொறுமையா படிப்பேன்.

ஏப்பக்ஸ் ஆனந்தி
செல்வா, பாயிண்ட் முறை எஃப்1 மாதிரியேதான், 25, 18, 15, 12, 10ன்னு பத்தாவது இடம் வரைக்கும். விஷயம் வேற எங்கயோ இருக்கு. ஜெயிச்ச ரேஸ எல்லாம் தள்ளி வச்சுட்டு மிச்சத்த மட்டும் எடுத்துப் பாருங்க.

மேக்ஸ் 10 வெற்றி, 250 பாயிண்ட். 411ல கழிச்சா 161. அத மிச்சம் 23 ரேஸ்ல பிரிச்சா ரேஸுக்கு 7. ஓகான் 9 வெற்றி 225 போக 253, அது 24 ரேஸ்ல, ரேஸுக்குப் பத்தரை. ப்ளோம்க்விஸ்ட் 150 போக 270, 27 ரேஸ்ல, சரியா பத்து. அதாவது ப்ளோம்க்விஸ்ட் ஜெயிக்காத நாள்ல சராசரியா அஞ்சாவது இடத்துக்கான பாயிண்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கார், மேக்ஸ் ஜெயிக்காத நாள்ல ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல. இந்த மூணு பாயிண்ட் வித்தியாசம் பாக்க சின்னதா தெரியும், ஆனா அதையே இருபது இருபத்தஞ்சு ரேஸுக்குப் பெருக்குங்க, ப்ளோம்க்விஸ்ட விட நாலு வெற்றி அதிகமா இருக்கறது எல்லாம் அதுல கரைஞ்சு போயிடும்.

போடியம் (முதல் மூணு இடம்) கணக்கும் அதையேதான் காட்டுது. ஓகான் 21 தடவ மேடை ஏறினார், மேக்ஸ் 16. அதாவது ஜெயிக்காத 23 ரேஸ்ல மேக்ஸுக்கு ஆறே ஆறு போடியம்தான். சீசன் ஆரம்பத்துல முடிக்காம நின்ன ரேஸ் இருந்துச்சு, அங்கதான் பள்ளம் விழுந்துச்சு, அப்புறம் எவ்ளோ வேகமா ஓட்டியும் அத மூட முடியல. இன்னொண்ணு கவனிச்சீங்களா, ரெண்டாவது இடத்துக்கும் மூணாவதுக்கும் 9 பாயிண்ட்தான். நின்னுபோன ரேஸ்ல ஏதாச்சும் ஒண்ணுல அஞ்சாவதா உருட்டிட்டு வந்திருந்தாக்கூட 421.

ஸ்லிப்ஸ்ட்ரீம் ராஜா
ஆனந்தி அக்கா சொன்ன கணக்கு சரி, ஆனா கார பத்தி பேசாம இந்த சீசன பேச முடியாது. எல்லாருக்கும் ஒரே டல்லாரா சேஸி (காரோட உடல்), ஒரே ஹான்கூக் டயர்தான், ஆனா எஞ்சின் ஒண்ணு இல்ல. ஓகான் ஓட்டினது ப்ரேமா டீம், மெர்சிடஸ் எஞ்சின். மேக்ஸுக்கும் கார்லின் டீமுக்கும் ஃபோக்ஸ்வாகன். அதுக்கும் மேல ப்ரேமா அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுன்னு பாருங்க: 2012 யுன்காடெல்லா, 2013 மார்சியெல்லோ, 2014 ஓகான், 2015 ரோசன்க்விஸ்ட், 2016 ஸ்ட்ரோல்னு அஞ்சு வருஷம் தொடர்ந்து அதே டீம்தான் சாம்பியன்ஷிப் எடுத்துச்சு, 2017ல கார்லின்ல நாரிஸ் வந்துதான் அந்த வரிசைய உடைச்சார். வான் அமெர்ஸ்ஃபோர்ட் நல்ல டீம்தான், மேக்ஸோட அப்பா யோஸ் கூட 1992ல அவங்களுக்கு ஓட்டியிருக்கார், ஆனா கார்லின்ல அந்த வருஷம் ப்ளோம்க்விஸ்ட், ஜோவினாட்ஸி, ஜேக் டென்னிஸ், ஜோர்டன் கிங்னு ஒரு கூட்டமே இருந்துச்சு, ஒருத்தர் டேட்டாவ இன்னொருத்தர் பாத்து தேத்திக்கலாம். மேக்ஸ் அவர் டீம்ல தனி ஆளா முன்னாடி ஓடிட்டு இருந்தார்.

ஏப்பக்ஸ் ஆனந்தி
ராஜா, எஞ்சின் வாதத்துல ஒரு ஓட்டை இருக்குப்பா. ரெண்டாவது வந்த ப்ளோம்க்விஸ்டும் அதே ஃபோக்ஸ்வாகன்தான். ஓகானுக்கும் மேக்ஸுக்கும் நடுவுல இருந்த 67 பாயிண்டுக்கு வேணா எஞ்சின், டீம்னு சொல்லலாம். ப்ளோம்க்விஸ்ட் ஏன் முன்னாடி வந்தார்ங்கறதுக்கு அது பதில் ஆகாது. டீம்மேட் பலம்னு நீ சொன்னத நான் ஏத்துக்கறேன், அது நியாயமான பாயிண்ட்.

ஈரட்ராக் இளங்கோ
இந்த சீசன நான் ஸ்ட்ரீம்ல ஒரு ரவுண்ட் விடாம பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல மேக்ஸ் எங்க இருந்து வந்தார்னு பாக்கணும். 2013ல அவர் கியர் கார்ட்ல (கியர் இருக்கற சின்ன பந்தய வண்டி), கேஇசட் கிளாஸ்ல, உலக சாம்பியன். 2014 குளிர்காலத்துல ஃபெராரி நடத்தின ஃப்ளோரிடா வின்டர் சீரீஸ்ல கொஞ்சம் ரேஸ், அப்புறம் ஏப்ரல்ல சில்வர்ஸ்டோன்ல நேரா எஃப்3. வயசு 16. ஓகானுக்கும் எஃப்3ல அதுதான் முதல் முழு சீசன், ஆனா அவர் ஃபார்முலா ரெனோ 2.0ங்கற இன்னொரு ஜூனியர் பந்தயத்துல ரெண்டு வருஷம் அடிபட்டு மிதிபட்டு, 2013ல அதோட ஐரோப்பிய சீரீஸான யூரோகப்ல மூணாவது வந்துட்டுதான் வந்தார். ப்ளோம்க்விஸ்ட் எஃப்3ல அதுக்கு முன்னாடியே ஓட்டின ஆள். ஒரு கார் முன்னாடி போறப்ப நம்ம மூக்கு விங்குக்குக் காத்து கிடைக்காது, திருப்பத்துல முன்பக்கம் வழுக்கும், டயர் சூடேறிடும், அப்ப எவ்ளோ தூரம் விட்டு ஓட்டணும், எந்த லேப்ல நெருங்கணும், எப்ப இன்னிக்கு நமக்கு ஆறாவது போதும்னு விடணும், இதெல்லாம் கார்ட்ல கத்துக்க முடியாத விஷயம். அப்ப இருந்த எஃப்3 காருக்கு 250 குதிரைத்திறன் கூட கிடையாது, ஆனா டவுன்ஃபோர்ஸ் (காத்து கார தரையோட அழுத்தற விசை) அதிகம், திருப்பத்துல வேகத்த விட்டுட்டா நேர்ல அத எஞ்சின் திருப்பிக் குடுக்காது. அதனால ஓவர்டேக் பண்றது ரொம்ப கஷ்டம், இந்த சீரீஸ்ல கிரிட்ட (கிளம்பற வரிசைய) தலைகீழா மாத்துற வழக்கமும் கிடையாது, குவாலிஃபையிங்ல (அந்த வரிசைய முடிவு பண்ற சுற்றுல) முன்னாடி நின்னவன் முன்னாடியேதான் கிளம்புவான். ஓகான் அந்த வருஷம் 15 போல் (வரிசைல முதல் இடம்) எடுத்தார், மேக்ஸ் 7. சாம்பியன்ஷிப்போட பாதி கதை இந்த ரெண்டு நம்பர்லயே இருக்கு.

இப்ப ஜூனுக்கு வருவோம். பெல்ஜியத்துல ஸ்பால மூணு ரேஸ், அடுத்த வாரக்கடைசியே ஜெர்மனில நோரிஸ்ரிங்ல மூணு ரேஸ், ஆறையும் மேக்ஸ் ஜெயிச்சார். எட்டு ஒன்பது நாளுக்குள்ள 150 பாயிண்ட், அவரோட மொத்த சீசன்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல. ரெண்டு ட்ராக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாதது, அதுதான் என்னை அசர வச்சுது. ஸ்பா 7 கிலோமீட்டர், காடு, மேடு பள்ளம், பெரிய வேகத் திருப்பங்கள். நோரிஸ்ரிங் நியூரம்பெர்க் நகரத்துல 2.3 கிலோமீட்டர் தெரு ட்ராக், பழைய கல் மேடைக்கு முன்னாடி நேரா ஓடி வந்து கொண்டை ஊசி மாதிரி திரும்பணும், ரெண்டு பக்கமும் தடுப்பு. அந்த பிரேக்கிங் இடத்துல காரோட பின்பக்கம் துள்ளும், பவர் ஸ்டியரிங் கிடையாது, ஸ்டியரிங்க உடம்போட சேத்துப் பிடிச்சுத் திருப்பணும். ஈரமும் காய்ஞ்ச பட்டையும் கலந்து கிடந்த ட்ராக்ல மத்தவங்க காய்ஞ்ச கோட்ட விட்டு ஒரு டயர் தள்ளி வைக்கவே யோசிச்சாங்க, மேக்ஸ் கிரிப் எங்க இருக்குன்னு ஒவ்வொரு லேப்லயும் வேற வேற இடத்துல போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்தார். ரெட்புல் எஃப்1 டீமுக்கு அப்ப ஆலோசகரா இருந்த ஹெல்முட் மார்கோ பின்னாடி பல பேட்டில இந்த நோரிஸ்ரிங் ஓட்டத்தத்தான் சொல்லியிருக்கார், மத்தவங்கள விட லேப்புக்கு ரெண்டு செகண்ட் வேகம்னு. ஆகஸ்ட்லயே ரெட்புல் ஜூனியர் டீம், ஒரு வாரம் கூட ஆகல, அடுத்த வருஷம் டோரோ ரோஸோன்னு (ரெட்புல்லோட ரெண்டாவது எஃப்1 டீம்) அறிவிப்பு. எஃப்3 சீசன் அப்ப முடியவே இல்ல!

அக்டோபர் 3ம் தேதி ஜப்பான்ல சுசுகா ட்ராக்ல டோரோ ரோஸோவுல முதல் ப்ராக்டிஸ் ஓட்டினார், 17 வயசு முடிஞ்சு மூணு நாள். அடுத்த வாரமே இத்தாலில இமோலால திரும்ப எஃப்3 கார்ல உக்காந்தார். அதே இமோலாலதான் ஒரு ரவுண்ட் மிச்சம் வச்சு ஓகான் சாம்பியன் ஆனார், ஆனா பேச்சு பூரா மேக்ஸ பத்திதான். அப்பவே எனக்கு ஓகானுக்காக மனசு வலிச்சுது. மகன் ரேஸ் ஓட்டறதுக்காக அப்பா அம்மா வீட்ட வித்துட்டு கேரவன்ல குடியிருந்த குடும்பம் அது. ஜெயிச்சதுக்கு அப்புறமும் எஃப்1 சீட்டுக்கு 2016 பெல்ஜியம் வரைக்கும் காத்திருந்தார், அதுவும் மேனர்னு ஒரு சின்ன டீம்.

ஸ்லிப்ஸ்ட்ரீம் ராஜா
இளங்கோ அண்ணே, படிச்சிட்டு திரும்ப அந்த ரேஸ பாக்கணும்போல இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன், டீம்காரங்க டேபிள பாக்கல, உச்சத்துல எவ்ளோ வேகம்னுதான் பாத்தாங்க. அப்ப பத்து வெற்றிக்குத்தானே மதிப்பு? சராசரி பத்து பாயிண்ட் எடுத்த ப்ளோம்க்விஸ்ட யாரும் எஃப்1க்கு கூப்பிடலயே.

ஏப்பக்ஸ் ஆனந்தி
கூப்பிடலதான், அதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம் உண்டு. செல்வாவுக்காக சொல்றேன், டாம் ப்ளோம்க்விஸ்டோட அப்பா ஸ்டிக், 1984 உலக ரேலி சாம்பியன். டாம் அடுத்த வருஷம் பிஎம்டபிள்யூவோட டிடிஎம் (ஜெர்மன் டூரிங் கார் பந்தயம்) போயிட்டார், அப்புறம் 2022, 2023 ரெண்டு வருஷமும் டேடோனா 24 மணி நேரம் ஜெயிச்ச டீம்ல இருந்தார். ராத்திரி பூரா கார உடைக்காம, வேகத்தயும் விடாம ஓட்ட வேண்டிய ரேஸ் அது. 2014ல அவர்கிட்ட இருந்த அதே குணம்தான்.

ஓகானும் அப்படித்தான். 2015 ஜிபி3 (எஃப்1க்குக் கீழ இருந்த இன்னொரு ஜூனியர் பந்தயம்) எடுத்துப் பாருங்க, சீசன் முழுக்க ஒரே ஒரு வெற்றி, தொடர்ந்து ஒன்பது ரெண்டாவது இடம், கடைசில சாம்பியன். லூகா கியோட்டோ அவர விட அதிகமா ஜெயிச்சும் ரெண்டாவதுதான். ரெண்டு சீரீஸ்ல, ரெண்டு வருஷம், தன்ன விட அதிகமா ஜெயிச்ச ஆள ஓகான் டேபிள்ல தாண்டியிருக்கார். அத அதிர்ஷ்டம்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

ராஜா கேட்டதுக்கு, எஃப்1 டீமுக்கு மேக்ஸ எடுத்தது சரியான முடிவுதான், 2016 ஸ்பெயின்ல 18 வயசுல ஜெயிச்சுக் காட்டிட்டார். ஆனா ஐரோப்பிய எஃப்3 சாம்பியன் யாருன்னு கேட்டா அது 33 ரேஸையும் சேத்துக் கேக்கற கேள்வி.

பிட்ஸ்டாப் செல்வா
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரம் எதிர்பாக்கவே இல்ல. ஆனந்தி அக்கா போட்ட கணக்க நானும் ஒரு தடவ பேப்பர்ல போட்டுப் பாத்தேன், 161ஐ 23ஆல வகுத்தா மீதியே இல்லாம ஏழு வருது. இன்னொரு சந்தேகம், 2018 பிரேசில்ல ஒரு லேப் பின்னாடி இருந்த ஓகான் முதல் இடத்துல போன மேக்ஸோட மோதி, ரேஸ் முடிஞ்சு எடை பாக்கற இடத்துல மேக்ஸ் அவர தள்ளினாரே, அந்தப் பகை இங்க இருந்து வந்ததா? அப்புறம் இப்ப யாராச்சும் 16 வயசுல இப்படி ஒரே சீசன்ல தாவ முடியுமா?

ஈரட்ராக் இளங்கோ
பகைன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி, ஆனா கார்ட் காலத்துல இருந்தே ஒருத்தர ஒருத்தர் நல்லா தெரிஞ்ச ஆளுங்க, விட்டுக்குடுக்கற பழக்கம் ரெண்டு பேருக்கும் இல்ல.

ரெண்டாவது கேள்விக்கு, மேக்ஸ் போன வழிய எஃப்ஐஏ அவருக்குப் பின்னாடியே அடைச்சிடுச்சு. 2016ல இருந்து சூப்பர் லைசென்ஸுக்கு (எஃப்1 ஓட்டத் தேவையான உரிமம்) 18 வயசு, ஜூனியர் பந்தயங்கள்ல மூணு வருஷத்துல 40 பாயிண்ட், கூடவே ஜூனியர் சீரீஸ்ல ரெண்டு வருஷமாச்சும் ஓட்டியிருக்கணும்னு விதி வந்துச்சு. பின்னாடி வயசு விஷயத்துல தனிப்பட்ட விதிவிலக்கு குடுக்கலாம்னு கொஞ்சம் தளர்த்தினாங்க. ஆனா கார்ட்ல இருந்து ஒரு சீசன் எஃப்3, அடுத்து ஆஸ்திரேலியால எஃப்1 கிரிட், அது இனிமே நடக்காது. அந்த ஐரோப்பிய எஃப்3யே 2018ல மிக் ஷூமாக்கர் ஜெயிச்சதோட முடிஞ்சு போச்சு, 2019ல ஜிபி3யும் அதுவும் சேந்து எஃப்1 கூடவே ஓடற சீரீஸ் ஆயிடுச்சு. நோரிஸ்ரிங்லயும் பிரான்ஸ்ல இருக்கற போ தெரு ட்ராக்லயும் பசங்க எஃப்3 கார தடுப்புக்கு ஒரு விரல் இடைவெளில விட்டு ஓட்டினாங்க, அந்த ரெண்டு ட்ராக்கும் புது காலண்டர்ல இல்ல, எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

நீங்க வீடியோ கிடைச்சா ஸ்பா மூணாவது ரேஸ்ல ஆரம்பிச்சு நோரிஸ்ரிங் மூணையும் வரிசையா பாருங்க. முதல் தடவ மேக்ஸ பாப்பீங்க. ரெண்டாவது தடவ போடறப்ப பின்னாடி ப்ளோம்க்விஸ்ட் காரும் ஓகான் காரும் எங்க முடிக்குதுன்னு மட்டும் பாருங்க.