டிபி (காசநோய்) வந்து மீண்டவர்கள் பேசிக் கேட்ட அனுபவம் உண்டா? பகிருங்கள்

வைகைக்கரை:
நூறு நாள் வேலை நடந்த இடத்துக்கே வந்து கூட்டம் போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை, மருந்து இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று வழக்கமான பேச்சு. யாரும் காதில் வாங்கவில்லை. அப்புறம் நோய் வந்து குணமான ஓர் அக்கா எழுந்தார். "மாத்திரை போட்டதும் ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போச்சு. ரத்தம்னு பயந்து மாத்திரையை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சிட்டேன்" என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த சித்தி பட்டென்று, "எனக்கும் அப்படித்தான் போச்சு" என்றார். சித்தி மாத்திரை சாப்பிடுவதே அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கிராம செவிலி:
அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. முதல் நாளே நாங்கள் சொல்லிவிடுவோம், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் "வீட்ல உங்களுக்குத் தனித் தட்டு வச்சாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டது என்னிடம் இல்லை, குணமாகி வந்து பேசியவரிடம்தான். "வச்சாங்க" என்று அவர் சொன்னதும் பெரியவர் அழுதுவிட்டார்.

தறிக்காரன்:
எல்லோரும் பலனை மட்டும் சொல்கிறீர்கள். பேசியவருக்கு அப்புறம் என்ன ஆகிறது? எங்கள் ஊரில் ஒருவர் படத்தைக் கேட்காமலே பேனரில் போட்டார்கள். அவர் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனது. அமிதாப் பச்சன் தனக்கு 2000-ல் முதுகெலும்பில் டிபி வந்ததை வெளியே சொன்னார், நல்லதுதான். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவரும் அவரும் ஒன்றா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தறிக்காரன் சொல்வது சரி. எங்கள் பள்ளியில் ஒரு முன்னாள் மாணவி பேசினாள், பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைப் பேசுகிறவர்களே முடிவு செய்யட்டும். அன்றைய கூலியைக் கொடுங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், சம்மதித்தவர் பிறகு வேண்டாம் என்றால் படத்தை நீக்கிவிடுங்கள். சளி டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள், பேச்சைக் கேட்டு மனம் மாறியவர் நாளைக்கு வரமாட்டார். வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்தாலும் சானடோரியத்துக்கு (டிபி நோயாளிகளைத் தங்க வைக்கும் மருத்துவமனை) இணையாகக் குணமாகிறது, அதனால் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வே காட்டிவிட்டது. இன்னும் தனித் தட்டு வைக்கிறோம்.

மானாமதுரை:
படம் போட்டாலே கெடுதல் என்று சொல்லாதீர்கள். என் தம்பி அவனாகவே படம் கொடுத்தான். பெரியப்பா வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை, அது உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் யாருக்காவது இருமல் நிற்கவில்லை என்றால், முதலில் அவனிடம்தான் வந்து கேட்கிறார்கள்.