கடுகளவு விண்கல்லில் புதுக் கனிமம்: எதை வைத்துச் சொல்கிறார்கள்?

வான்நோக்கி:
விண்கல் துணுக்கில் இதுவரை யாரும் பார்க்காத கனிமம் கிடைத்தது என்று அவ்வப்போது படிக்கிறேன். கடுகளவு கல்லில் இருப்பது புதுசுதான் என்று எப்படி முடிவுக்கு வருகிறார்கள்? வானத்திலிருந்து வந்ததுதான், ஏதோ உலைக் கசடு இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லும்மண்ணும்:
கடுகே பெரிசுங்க. 1969இல் ஜப்பானியர்கள் அண்டார்டிகாவில் எடுத்த யமாட்டோ 691 விண்கல்லில் வாசனைட் என்ற கனிமம் இருப்பதை 2011இல் அறிவித்தார்கள், அந்தத் துகள் தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது, டைட்டானியமும் கந்தகமும் மட்டும்தான் அதில். பொதுவாகக் கல்லை ரெசினில் பதித்து, வைரப் பசை தடவி, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். நான் கல்லூரியில் சாதாரணப் பாறையைத் தேய்த்திருக்கிறேன், கடைசி நேரத்தில் ஒரு கீறல் விழுந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. என்ன தனிமம் என்று தெரிந்தால் மட்டும் போதாது, அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமும் தெரிய வேண்டும். பென்சில் கரியும் வைரமும் இரண்டுமே கார்பன்தானே, அடுக்கு வேறு, அதனால் கனிமமும் வேறு. இரண்டையும் பார்த்து சர்வதேச கனிமவியல் சங்கம் ஒப்புக்கொண்டால்தான் பெயர்.

ஓடைக்கல்:
கசடு சந்தேகத்துக்கு கதிர்கா விண்கல்லைப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு சின்னஞ்சிறு கல்லில் கனிமவியலாளர் லூகா பிண்டியும் இயற்பியலாளர் பால் ஸ்டைன்ஹார்ட்டும் குவாசி கிரிஸ்டலைக் கண்டு (அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தும் சாதாரணப் படிகம் மாதிரி ஒரே அடுக்கு திரும்பத் திரும்ப வராத பொருள்) 2009இல் எழுதினார்கள். அதில் அலுமினியம் உலோகமாகவே இருந்தது. இயற்கையில் அலுமினியம் ஆக்சிஜனை விடவே விடாது, அதனால் ஆலையில் உருகியதுதான் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். சரி, எடுத்த இடத்துக்கே போவோம் என்று, 1979இல் பிளாட்டினம் தேடிப் போய் அதை எடுத்த கிரியாச்கோவைத் தேடிப் பிடித்து, 2011இல் அவரோடு ரஷ்யாவின் சுகோட்காவுக்குப் போனார்கள். அங்கே ஓடைக்கரையில் ஏறக்குறைய ஒன்றரை டன் களிமண்ணைக் கையால் அலசியதில் மில்லிமீட்டர் அளவில் சில மணிகள் தேறின! இதற்கிடையே, கல்லில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதமும் பூமிப் பாறையோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துவிட்டது. அப்புறம், பெரும் அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் ஸ்டிஷோவைட் என்ற கனிமத்துக்குள் இந்தக் குவாசி கிரிஸ்டல் துணுக்கு மாட்டியிருந்தது. எனக்கு அதுதான் பலமான சாட்சி, உலையில் அந்த அழுத்தம் ஏது?

வான்நோக்கி:
அருமை, நன்றி. ஆனால் இந்தக் கலவையை ஆய்வகத்தில் முன்பே செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

ஓடைக்கல்:
ஆமாம், 1987இல் ஜப்பானில் செய்தார்கள், கிட்டத்தட்ட இதே அலுமினியம், செம்பு, இரும்பு. மனிதர் செய்தது கனிமம் ஆகாது, தானாக விளைந்திருக்க வேண்டும். சுகோட்காவில் அந்த மணிகள் கிடைத்தது, இந்தக் குவாசி கிரிஸ்டலுக்கு வைத்த ஐகோசஹீட்ரைட் என்ற கனிமப் பெயருக்கு இன்னும் பலம் சேர்த்தது.