கடலைத் தேடுவதே பணியாக இருந்தவர்: வடசென்னை உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

ராயபுரம் உறுப்பினர்:

எங்கள் தெருவில் குடியிருக்கும், கமடோர் பதவியில் ஓய்வு பெற்ற கடற்படை விமானப் பிரிவு அதிகாரி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயரைத் தவிர்க்கிறேன். விமானப் பிரிவில் இருந்தார் என்றதும் விமானத்தை ஓட்டியவர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்; அவரோ ‘அப்சர்வர்’ என்னும் பிரிவைச் சேர்ந்தவர். ராடார் திரையைக் கவனிப்பது, வழியைக் கணிப்பது, நீர்மூழ்கியைத் தேடிக் கண்டறிவது, தேவைப்பட்டால் ஆயுதத்தைப் பயன்படுத்துவது ஆகிய யாவும் அந்தப் பிரிவினரின் பொறுப்பு. விமானி ஓட்டுகிறார் என்றாலும், எங்கே போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பின்னால் அமர்ந்திருப்பவரே தீர்மானிக்கிறார்.

கொச்சியில் பயிற்சி பெற்றுப் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் அலிசே விமானங்களில் பணியைத் தொடங்கிய அவர், 1988இல் சோவியத் நாட்டிலிருந்து டி.யு.-142 என்னும் நெடுந்தூரக் கடல் கண்காணிப்பு விமானங்கள் கோவாவுக்கு வந்தபின் அந்தப் படைப்பிரிவில் சேர்ந்தார். 1992 மார்ச்சில் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை விமானத் தளம் தொடங்கப்பட்டதும் அந்த விமானங்கள் அங்கே இடம் மாறின. அவரும் உடன் வந்ததால், விடுமுறை நாட்களில் புறநகர் ரயிலேறி ராயபுரம் வீட்டுக்கு வந்துவிட முடிந்தது என்பார். எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை உந்திகள் கொண்ட நான்கு எஞ்சின்களின் இரைச்சலுக்கு நடுவே பத்து மணி நேரத்துக்கும் மேலாக அமர்ந்து, வெறும் நீர்ப்பரப்பைத் தேடிக்கொண்டிருப்பதே அவர்களுடைய வேலை. கடலில் வீசப்படும் மிதவைகள் நீருக்கடியில் எழும் ஒலியைப் பிடித்து வானொலி வழியே மேலே அனுப்பும். அதில் எது திமிங்கிலம், எது சரக்குக் கப்பல், எது நீர்மூழ்கி என்று பிரித்தறியப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

இந்தப் பேச்சை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் காசிமேட்டு மீனவர்கள்தான். ஒருநாள் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர் ஒருவர், “மேலேருந்து பாத்தா எங்க போட்டு தெரியுமா சார்?” என்று கேட்டார். தெரியாமல் போக வாய்ப்பு அதிகம் என்று எங்கள் அதிகாரி ஒளிக்காமல் சொன்னார். மரமும் ஃபைபரும் ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. கடல் கொந்தளித்தால் அலையின் பிம்பத்துக்குள் சிறு படகு மறைந்துவிடும். ஆகவே உலோகப் பிரதிபலிப்பானைக் கம்பத்தில் உயரக் கட்டவும், அபாய சமிக்ஞைக் கருவியைப் பழுதில்லாமல் வைத்திருக்கவும், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை எல்லோரும் நினைவில் கொள்ளவும் வற்புறுத்தினார். வீரக்கதையை எதிர்பார்த்து அவரோடு போன எனக்கு அந்த அரை மணி நேரம்தான் அவருடைய தொழிலைப் புரியவைத்தது.

2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து 29 பேருடன் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலில் காணாமல் போனபோது, இவ்வளவு பேர் தேடியும் ஏன் கிடைக்கவில்லை என்று தெருவில் பலரும் கோபப்பட்டார்கள். நீரின் ஆழத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள் என்றார் அவர். 2024 ஜனவரியில் அதன் பாகங்கள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டபோது அந்த ஆழம் சுமார் 3,400 மீட்டர் என்று தெரியவந்தது.

பெரம்பூர் உறுப்பினர்:

நானும் அவரை அறிவேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டு, பயணிகள் விமானங்கள் ராஜாளியிலிருந்து இயக்கப்பட்டபோது, இராணுவத் தளத்தில் அது எப்படிச் சாத்தியம் என்று கேட்டேன். டி.யு.-142க்காக அமைத்த ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது, எந்தப் பயணிகள் விமானமும் இறங்கலாம் என்றார்.

பதவி உயர்வைப் பற்றி அவர் சொன்னதும் குறிப்பிடத்தக்கது. கேப்டன் நிலையை எட்டியபின் வானில் செலவிடும் நேரம் குறைந்து, கோப்பும் உதிரிபாகமும் விபத்து விசாரணையுமே நாளை நிரப்புகின்றனவாம். விமானப் பிரிவினர் உச்சிக்குச் செல்ல முடியாது என்ற என் எண்ணத்தையும் அவர் திருத்தினார். 1961இல் விக்ராந்தின் தளத்தில் முதலில் இறங்கிய இந்திய விமானியான தஹிலியானி, 1984இல் கடற்படைத் தலைமைத் தளபதியானார்.

திருவொற்றியூர் உறுப்பினர்:

என் மகளின் பொருட்டு அவரைச் சந்தித்தேன். பெண்களுக்குக் கடற்படை விமானப் பிரிவில் இடமுண்டா என்ற என் கேள்விக்கு, 2009இலேயே இரு பெண்கள் அப்சர்வர்களாகத் தேறிவிட்டார்கள் என்றும், 2019 டிசம்பரில் முதல் பெண் விமானியும் வந்துவிட்டார் என்றும் பதில் சொல்லிவிட்டு, என்னை விட்டு அவளிடமே பேசத் தொடங்கினார். “பத்து மணி நேரம் ஒன்றும் தென்படாமல் போனாலும் பதினொன்றாவது மணி நேரம் அதே கவனத்தோடு உட்கார முடியுமாம்மா?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அவள். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது போலும்; கடற்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் கோயம்புத்தூர் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணல் எப்படி இருக்கும் என்று அன்று மாலை முழுவதும் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.