சிக்னல் இல்லாத ஏலத்தோட்டத்திற்கு வைல்ட்ஃப்ளையில் கைபேசிப் பக்கம்: எந்த வழி பொருந்தும்?

குமுளிக்காரன்:
வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றின் கணக்கு நிரல் ஜேஎஸ்எஃப்பில் (ஜாவாவில் வலைப்பக்கங்கள் எழுதும் முறை) எழுதப்பட்டு, வைல்ட்ஃப்ளை 26 என்ற ஜாவா சர்வரில் ஓடுகிறது. கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்துபோகும் தொழிலாளர்கள் எடுக்கும் பச்சைக்காயின் எடையை இதுவரை ஸ்டோரில் (காயைக் காயவைக்கும் கட்டடம்) உள்ள கணினியில் பதிந்தார்கள். இனி எடை போடும் இடத்திலேயே கங்காணிகள் கைபேசியில் பதிய வேண்டுமென முதலாளி விரும்புகிறார். அதே பக்கங்களைச் சிறுதிரைக்கு ஏற்ப சிஎஸ்எஸ்ஸால் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) மாற்றிக் கொடுத்தேன். ஆனால் பள்ளத்தில் இறங்கியதும் சிக்னல் போய்விடுகிறது; வெகுநேரம் கழித்துப் பொத்தானை அழுத்தினால் ‘வியூ எக்ஸ்பயர்ட்’ (பக்கம் காலாவதி) பிழை வந்து, நிரப்பியதெல்லாம் மறைந்துவிடுகிறது. செஷன் நேரத்தை (சர்வர் ஒரு பயனரை நினைவில் வைத்திருக்கும் நேரம்) கூட்டினால் போதுமா, ஆண்ட்ராய்டு செயலியாகவே எழுத வேண்டுமா?

சித்தூர் ஜாவா:
இரண்டும் வேண்டாம் நண்பரே. ஜேஎஸ்எஃப் வழக்கமாகப் பக்கத்தின் நிலையைச் சர்வரில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் அழுத்தலும் அங்கே போய்த் திரும்ப வேண்டும் என்பதால், செஷனை நீட்டினாலும் சிக்னல் இல்லாத இடத்தில் பயனில்லை. 2013இல் வந்த ஜேஎஸ்எஃப் 2.2 பதிப்பு முதல் நிலை வைத்துக்கொள்ளாத பக்கங்களையும் எழுதலாம். பிழைச்செய்தி நிற்குமே ஒழிய, உங்கள் சிக்கல் தீராது.

அலுவலகத் திரைகளை அப்படியே விட்டுவிட்டு, எடைப் பக்கத்தை மட்டும் எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டுமாகத் தனியே எழுதி, அதே வார் கோப்பில் (சர்வரில் ஏற்றும் நிரல் பொதி) வையுங்கள். சர்வீஸ் ஒர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடும் சிறு நிரல்) அந்தப் பக்கத்தைக் கைபேசியில் சேமித்துவைக்கும்; எடைகள் இண்டெக்ஸ்ட்டிபியில் (பிரவுசருக்குள் உள்ள தரவுச் சேமிப்பு) காத்திருக்கும்; சிக்னல் வந்ததும் சர்வரில் தரவை வாங்க ஜாக்ஸ்-ஆர்எஸ் என்ற ஜாவா முறையில் எழுதும் முகவரிக்குப் போகும். இப்போதுள்ள ஈஜேபிகளையும் (சர்வரில் வேலையைச் செய்யும் ஜாவா வகுப்புகள்) என்டிட்டிகளையும் (தரவுத்தள அட்டவணைகளைக் குறிக்கும் வகுப்புகள்) அதன் பின்னால் அப்படியே பயன்படுத்தலாம். எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) இல்லாமல் சர்வீஸ் ஒர்க்கர் பதிவாகாது என்பதால் அதற்கான சான்றிதழை முதலில் முடித்துவிடுங்கள்.

மறையூர் மலை:
சித்தூர் அண்ணன் சொன்ன வழியே சரி. ஆனால் கூலிக்கணக்கு கெடுவது அனுப்பும் இடத்தில்தான். எடை சர்வரில் பதிந்த பிறகு, பதில் வரும் வழியில் சிக்னல் அறுந்தால், கைபேசி அதையே மறுபடி அனுப்பும். ஒரே காய்க்கு இரண்டு எடை ஏறும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே ஒரு யுயுஐடியை (வேறெதனோடும் ஒத்துப்போகாத அடையாள எண்) உருவாக்கி, தரவுத்தளத்தில் அதற்குத் தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே எண் இருமுறை ஏறாது என்ற விதி) போடுங்கள். முன்பே உள்ள எண் வந்தால் பிழை சொல்லாமல், ‘கிடைத்தது’ என்றே பதில் அனுப்புங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. காத்திருந்த எடைகளை மொத்தமாக வாங்கி ஒரே பரிவர்த்தனையில் (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் தரவுத்தள வேலை) சேமித்தால், ஒன்று கட்டுப்பாட்டில் மோதினாலும் மற்றவையும் சேர்ந்து ரத்தாகும். ஒவ்வோர் எடையையும் சேமிக்கும் மெத்தடுக்கு ‘ரிக்வயர்ஸ் நியூ’ (புதிய பரிவர்த்தனை தொடங்கு என்ற குறிப்பு) கொடுத்து, அதை வேறொரு பீனில் (ஈஜேபி வகுப்பு) வையுங்கள். அதே பீனுக்குள் நேராக அழைத்தால் கன்டெய்னர் (பீன்களை நிர்வகிக்கும் சர்வர் பகுதி) இடையில் வராது, புதிய பரிவர்த்தனையும் தொடங்காது. பலரும் இந்த இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

குமுளிக்காரன்:
மிக்க நன்றி. பக்கத்தை மூடிவிட்டாலும் பிரவுசர் தானாக அனுப்புமா? இரண்டு கங்காணிகளிடம் ஐஃபோன் இருக்கிறது.

மறையூர் மலை:
அதற்கான பேக்ரவுண்ட் சிங்க் குரோமில் உண்டு, சஃபாரியில் இல்லை. எனவே பக்கம் திறக்கும்போதும் இணைப்பு திரும்பும்போதும் அனுப்புவதாகவே எழுதுங்கள். இணைப்பு இருப்பதாக பிரவுசர் சொல்வதை நம்ப வேண்டாம், சர்வரின் பதில் வந்த பிறகே பதிவை அழியுங்கள். ஒரு வாரம் தொடாத தளத்தின் சேமிப்பை சஃபாரி துடைத்துவிடும் என்பதால், ஐஃபோன்காரர்கள் பக்கத்தை முகப்புத்திரையில் சேர்த்துப் பயன்படுத்தட்டும். எடை போட்ட நேரத்தையும் கைபேசியிலிருந்தே அனுப்புங்கள், இல்லையேல் மாலைக் காய் மறுநாள் கணக்கில் விழும்.

சித்தூர் ஜாவா:
இன்னொன்று. வைல்ட்ஃப்ளை 27 முதல், ஜேஎஸ்எஃப், ஈஜேபி போன்ற சர்வர் நூலகங்களின் ‘ஜாவாக்ஸ்’ எனத் தொடங்கும் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டன; நிரலிலும் அவற்றை மாற்ற வேண்டும். இந்த வேலையோடு அதையும் சேர்த்து இழுத்துப்போட்டுக்கொள்ளாமல், காய் எடுப்பு முடியும்வரை 26இலேயே இருங்கள்.