வெள்ளையோடு வெள்ளை சேராத கதைகள்: ஸ்ட்ராட், லெஸ் பால் பிளாஸ்டிக் மாற்றியவர்கள் எழுதுங்கள்

கீழ்த்தந்தி

என்னுடையது 80களில் ஜப்பானில் செய்த ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டார்), 1962 மாதிரியின் பாணி. பழைய பிக்கார்டு, அதாவது கம்பிகளுக்கு அடியில் உடலை மூடும் பிளாஸ்டிக் தகடு, ஸ்க்ரூ ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டதால் புதினா நிறத்தில் மூன்றடுக்குப் பிக்கார்டு ஒன்று வாங்கினேன். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மூடிகளும், வால்யூம், டோன் திருகும் நாப்களும் வேறோர் இடத்திலிருந்து வந்தன. வீட்டு டியூப்லைட்டில் சேர்த்து வைத்துப் பார்த்தபோது கண்ணை உறுத்தவில்லை.

பிறகு ஒரு திருமண வரவேற்பில் வாசித்தோம். விளக்குப் போடுகிறவர் இரண்டாம் பாட்டுக்கு ஊதா விளக்கைத் திருப்பிவிட்டார். பிக்கார்டு இருட்டோடு இருட்டாகிவிட்டது. மூன்று மூடிகளும் மூன்று நாப்களும் மட்டும் நீலவெள்ளையாகப் பளீரென்று எரிந்தன. டிரம்ஸ் தம்பி பின்னாலிருந்து, "அண்ணா, உங்கள் கிட்டார் பல்லைக் காட்டுகிறது!" என்று கத்தினான். மணமகன் வீட்டார் அனுப்பிய வீடியோவில் என் முகம் தெரியவில்லை. அந்த ஆறும் தெரிகின்றன.

சில வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெண்மையூட்டும் பொருள் கலந்திருக்கிறது, புற ஊதா ஒளி பட்டால் அது ஒளிரும் என்று பிறகு தெரிந்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஓச்சனோமிசு வாசி

ஊதா விளக்கு அனுபவம் இல்லை. ஆனால் ஒரு கடைக்காரரை மறக்க முடியவில்லை.

தோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஓச்சனோமிசுவில் வரிசையாகக் கிட்டார் கடைகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. 11 துளை பிக்கார்டு கேட்டேன். பெரியவர் எடுத்துக் கொடுக்கவில்லை. பழையது எங்கே என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், புதியதை அதன்மேல் பொருத்தி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினார். பத்துத் துளைகளில் வெளிச்சம் வட்டமாக வந்தது. ஒன்றில் மட்டும் பிறை. அதை விரலால் தட்டிக் காட்டிவிட்டு, புதியதை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். விற்க மறுத்துவிட்டார் என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

62 அச்சிலும் 11 துளைதான், இப்போதைய அச்சிலும் 11 துளைதான். ஆனால் ஒரு துளை இடம் மாறியிருக்கும். கழுத்து உட்காரும் இடத்தின் வளைவும் வேறு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆர்டர் போடுகிறவர்களுக்கு அந்தப் பிறை வீட்டில்தான் தெரியும்.

செல்லுலாய்டு சித்தர்

கீழ்த்தந்தி, உங்கள் வருத்தமே எனக்குப் புரியவில்லை. பழைய ஸ்ட்ராட்டில் பிக்கார்டும் மூடியும் ஒரே நிறமாக இருந்ததை யார் பார்த்தார்கள்?

1954இல் வந்த ஸ்ட்ராட்டில் ஒற்றை அடுக்குப் பிக்கார்டு, 8 ஸ்க்ரூ. 1959 நடுவில்தான் 11 ஸ்க்ரூவோடு மூன்றடுக்குச் செல்லுலாய்டு வந்தது. 1965 வாக்கில் அதுவும் போய் வினைல் வந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறியபோது அந்தச் செல்லுலாய்டு வெள்ளைதான். வயதாகித்தான் பச்சை பாய்ந்தது. மூடியும் நாப்பும் வேறு பிளாஸ்டிக். அவை தம் போக்கில் மஞ்சளாயின, சில அழுக்கேறின, சில அப்படியே நின்றன. உண்மையான பழைய கிட்டாரில் சேராமல் இருப்பதுதான் முறை. எல்லாம் ஒரே தந்தநிறமாக இருக்கிற கிட்டாரைக் கண்டால் எனக்கு அது நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தது என்றுதான் தோன்றும்.

50களின் ஸ்ட்ராட் ஒன்றை ஒருவர் வீட்டில் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுப் பிக்கப் மூடியின் விளிம்பு பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் வில்லை) பட்டுப் பட்டுத் தேய்ந்து, ஓரத்தில் செம்புக் கம்பிச் சுற்று தெரிந்தது. அந்த மூடிக்கு இணையானது எந்தக் கடையில் கிடைக்கும்?

கீழ்த்தந்தி

சித்தரே, நான் அருங்காட்சியகத்துக்கு வாசிக்கவில்லை. கல்யாண வீட்டில் வாசிக்கிறேன். பச்சையும் மஞ்சளும் சேராதது பரவாயில்லை. ஒன்று எரிந்து ஒன்று அணைந்தது பற்றித்தான் கேட்டேன்.

சால்டரிங் மேசை

இருவரும் நிறத்திலேயே நிற்கிறீர்கள். என் மேசைக்கு வருகிறவை பெரும்பாலும் அளவுத் தகராறுகள். போன மாதம் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். கையில் நடுவில் பிளந்த வெள்ளை நாப். "சார், ரப்பர் சுத்தியலால் மெதுவாகத்தான் தட்டினேன்" என்றான். என் கதை அவ்வளவுதான். ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நாப் வாங்குமுன், அது உட்காரும் பொட்டென்ஷியோமீட்டரின் (வால்யூம், டோனைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) தண்டைப் பாருங்கள். பிளந்த தண்டு என்றால் ஆசியத் தயாரிப்புகளில் பொதுவாகத் தண்டைச் சுற்றி 18 பல், அமெரிக்கத் தயாரிப்பில் 24 பல். பிளவில்லாத தண்டு என்றால் 6 மி.மீ. அல்லது 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா நாப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தண்டு சற்று ஒல்லியாக இருந்தால் பிளவை மெல்ல விரிக்கலாம், அல்லது டேப் சுற்றலாம். நாப் இறுக்கமாக இருந்தால் சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

பிக்கப் மூடிக்கு, கம்பிக்கு ஒன்றாக இருக்கும் ஆறு காந்தங்களில் முதலாவதின் நடுவிலிருந்து ஆறாவதின் நடுவரை அளக்க வேண்டும். 52, 50, 48 மி.மீ. மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கும் பாலப் பக்க (கம்பிகளை உடலில் தாங்கும் பாகத்தின் அருகிலுள்ள) பிக்கப்புக்கும் வேறுவேறு அளவு வைக்கிறவர்களும் உண்டு. ஒன்றை அளந்துவிட்டு மூன்றுக்கும் வாங்காதீர்கள். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சின் பிளாஸ்டிக் முனையும் அப்படித்தான். அமெரிக்க ஸ்விட்சின் தகடும் மெட்ரிக் ஸ்விட்சின் தகடும் ஒரே தடிமன் இல்லை.

லெஸ் பால் (இன்னொரு மின்கிட்டார் மாதிரி) வைத்திருப்பவர்கள் பிக்கப் வளையத்தின், அதாவது பிக்கப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின், அடியைத் திருப்பிப் பாருங்கள். மேல்பலகை வளைந்திருந்தால் வளையத்தின் அடியும் வளைந்திருக்க வேண்டும். தட்டையானது எஸ்ஜி கிட்டார் போன்ற தட்டைப் பலகைக்கு. பாலப் பக்கம் உயரமான வளையம், கழுத்துப் பக்கம் தாழ்ந்தது.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வாசல் நிழலில் பாருங்கள். தேநீரில் ஊறவைத்து மங்கவைக்கிறவர்கள் வெதுவெதுப்பான நீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொதிநீரில் போட்டால் நெளிந்துவிடும். முதலில் ஸ்விட்ச் முனையைப் போட்டுப் பாருங்கள். கெட்டால் நட்டம் குறைவு.

சித்தர் சொல்லும் அசல் செல்லுலாய்டு யாரிடமாவது இருந்தால், அதைக் காற்றுப் புகாத பெட்டியில் பூட்டிவைக்காதீர்கள். சிதையத் தொடங்கினால் அது வெளிவிடும் ஆவி உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். சால்டரிங் இரும்பையும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள் அது.

லெஸ் பால் மாமா

வளையம் பற்றிப் பேச்சு வந்ததால் நானும். 50களின் பாணியில் செய்த பியூட்டிரேட் (ஒருவகைப் பிளாஸ்டிக்) வளையங்கள் என்று சொல்லித் தந்தார்கள், விலையும் அதற்கேற்ப. பின்பக்கம் எம்-69 என்ற எழுத்து வார்ப்பிலேயே இருந்தது. உறையைக் கிழித்ததும் கெட்ட நெய் நாற்றம். அடுக்களையிலிருந்து வந்த மனைவி என்னைக் கேட்காமலே சாமி அறையில் நெய்க் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பியூட்டிரேட் என்றால் அந்த வாடை வரத்தான் செய்யும். அதே அமிலம்தான் வெண்ணெய் கெட்டாலும் வருவது. நான் வளையத்தை நீட்டினேன். "இதற்கா இவ்வளவு பணம்?" என்றாள். பதில் இன்றுவரை சொல்லவில்லை.

எம்-69 எழுத்தை மட்டும் நம்பி யாரும் அசல் என்று வாங்காதீர்கள். புதிய நகல்களிலும் அதைப் போட்டுத்தான் விற்கிறார்கள்.

செல்லுலாய்டு சித்தர்

மாமா, உங்கள் மனைவி சொன்னதில் தவறில்லை. மேசைக்காரரே, தேநீர் யோசனையை மட்டும் ஏற்க மாட்டேன். தேநீர் ஓரங்களிலும் கீறலிலும்தான் பிடிக்கும். மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தால் திட்டுத்திட்டாக வரும். முதலில் மிக மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பை எடுக்க வேண்டும்.

சால்டரிங் மேசை

உப்புத்தாள் போட்ட பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஐயா. அளவு சரியாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகு தேயுங்கள்.

வால்யூம் பத்து

என்னுடைய ஸ்ட்ராட்டை விற்கப் போட்டிருந்தேன். வந்தவர் ஆம்பிளிஃபயரில் செருகவே இல்லை. ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. கைப்பேசி விளக்கைப் போட்டு, கிட்டாரைச் சாய்த்து, நாப்களில் எண்கள் அச்சிட்டிருக்கும் பாவாடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டோன் நாப் இரண்டும் பழையவை, வால்யூம் நாப் மட்டும் மாற்றியது என்று சரியாகச் சொல்லிவிட்டார். எண்ணின் அச்சு சற்றுத் தடிமனாம்.

அடுத்து, "கழற்றிய பழைய நாப் வைத்திருக்கிறீர்களா?" என்றார். இருந்தது, விரிசலோடு. கிட்டாருக்குப் பேசிய விலையை விட்டுவிட்டு அந்த ஒரு நாப்புக்குப் பேரம் பேசத் தொடங்கினார். கொடுக்கவில்லை. கிட்டாரும் விற்கவில்லை. அவர் இன்னமும் மாதம் ஒருமுறை அந்த நாப்பைக் கேட்டுச் செய்தி அனுப்புகிறார்.