பால் மறந்த பன்றிக்குட்டிக்கு ஓமமும் பூண்டும்: கழிச்சல் நிற்குமா?

ஆனேக்கல்_பண்ணை
ஆனேக்கல் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறேன். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு முதல் இரண்டு வாரம் தீவனத்தில் ஓமத்தூள், பூண்டு, மஞ்சள், கொஞ்சம் வெல்லம் கலந்து வைக்கிறேன். கழிச்சல் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. பின்புறம் மஞ்சளாக அப்பிக்கொண்டு, வால் நனைந்து, முதுகு வளைந்து நிற்கிற குட்டி இப்போது அபூர்வம். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019இலேயே தடை போட்டுவிட்டது. இன்னமும் "அந்தப் பவுடர் எங்கே கிடைக்கும்" என்று கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: பால் மறக்கும் பருவத்தில் ஆன்டிபயாட்டிக் செய்த வேலையை மூலிகையே செய்துவிடும்.

பீன்யா_தீவனம்
அண்ணே, கொலிஸ்டின் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது அது; பன்றித் தொட்டியில் கொட்டக் கூடாது. ஆனால் மூலிகையே செய்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓமத்தில் உள்ள தைமால் என்ற வாசனைப் பொருள், கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியைக் கொல்லும், சரி. அது ஆய்வகத் தட்டில். குடலுக்குள் அதே செறிவு வர வேண்டுமென்றால் குட்டி வாயே வைக்காத அளவுக்கு ஓமம் போட வேண்டியிருக்கும். போட்டாலும் பெரும்பகுதி இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே உறிஞ்சப்பட்டுவிடும். கம்பெனிக்காரர்கள் எண்ணெயைக் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்து விற்பது அதனால்தான். அப்புறம், திறந்த சாக்கில் ஒரு மாதம் கிடந்த ஓமத்தூளில் மணம் எவ்வளவு மிஞ்சும் என்று மூக்கை வைத்துப் பாருங்கள்.

ஸ்வீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரியிலும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை நிறுத்தின. ஸ்வீடனில் நிறுத்தியதுமே பால் மறந்த குட்டிகளிடம் கழிச்சல் ஏறியது. குட்டியைப் பிரிக்கும் வயதைத் தள்ளிப்போட்டு, கொட்டிலைச் சுத்தமாக்கி, தீவனத்தை மாற்றித்தான் சமாளித்தார்கள்.

ஆனேக்கல்_பண்ணை
தம்பி, ஐரோப்பாவின் மீதிக் கதையையும் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திய பிறகு பல வருடம் துத்தநாக ஆக்சைடைத்தான் டன்னுக்குக் கிலோ கணக்கில் கொட்டினார்கள். சாணத்தோடு போய் மண்ணில் சேர்கிறது என்று 2022 ஜூனில் அதற்கும் தடை வந்தது. இப்போது அவர்களே தைம், ஆரிகனோ என்று செடிகளைத் தேடுகிறார்கள். நம் ஓமத்தில் இருப்பதும் அதே தைமால்தானே?

கெங்கேரி_கொட்டில்
நான் ஹோட்டல் மிச்சத்தில் வளர்க்கிறவன். பூண்டும் மஞ்சளும் அந்தச் சாம்பாரிலேயே இருக்கின்றன. என் குட்டிகளுக்குக் கழிச்சல் நிற்கவில்லையே? சோயா விற்கிற விலைக்கு நீங்கள் எல்லாரும் சொல்கிற தீவனத்தை நான் வாங்கவும் முடியாது. என்னைப் போன்றவனுக்கு வழி சொல்லுங்கள்.

ஹெப்பாள்_டாக்டரம்மா
கெங்கேரி அண்ணா, முதலில் உங்களுக்கு. மிச்சத்தை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய பிறகே கொடுங்கள். 2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் வந்துவிட்டது. வேகாத பன்றி இறைச்சி மிச்சத்தில் அது பரவும், தடுப்பூசி போட்டுத் தப்பிக்கலாம் என்ற நிலை நம் பண்ணைகளுக்கு இல்லை. பால் மறந்த குட்டிக்கு மட்டுமாவது உப்பும் எண்ணெயும் காரமும் நிறைந்த மிச்சம் வேண்டாம். அந்தச் சில வாரத் தீவனம் மொத்தச் செலவில் சிறு பங்குதான்.

இப்போது விவாதத்துக்கு வருகிறேன். தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை புளித்துத்தான் குட்டியின் இரைப்பை அமிலமாக இருந்தது. பால் நின்றதும் அது போய்விடுகிறது. சொந்த அமிலம் இன்னும் போதாது. பாலோடு வந்த நோய் எதிர்ப்புப் பொருளும் நின்றுவிடுகிறது. தாயைத் தேடிக் கத்திக்கொண்டு முதல் ஓரிரு நாள் சரியாகத் தின்னாததால், சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சுருங்குகின்றன. பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்கிறது. செரிக்காத புரதம் கீழ்க்குடலில் அழுகிக் கிருமிக்குத் தீனியாகிறது. ஆக முதலில் கை வைக்க வேண்டியது புரதத்தில்: 20, 21 சதவீதம் போடுகிறவர்கள் 17, 18க்கு இறக்கி, லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்க்கலாம். சரியாக வறுபடாத சோயாவைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது குளிர். நாலு வாரக் குட்டிக்கு 26, 28 டிகிரி வேண்டும். டிசம்பர் ராத்திரியில் பெங்களூர் 15ஐத் தொடும். விடியற்காலையில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குட்டிகளுக்குக் குளிர்கிறது. அங்கே எந்த மூலிகையும் எடுபடாது. பிரிப்பதை ஆறு வாரத்துக்குத் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பீன்யா_தீவனம்
மேடம் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். ஆனேக்கல் அண்ணே, ஓமம் போட ஆரம்பித்த அதே சமயத்தில் வேறு என்ன மாற்றினீர்கள்?

ஆனேக்கல்_பண்ணை
படுக்கைக்கு வைக்கோல் போட்டேன், சூட்டுக்கு மஞ்சள் பல்பு கட்டினேன். அதனால் ஓமத்துக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடுமா? டாக்டரம்மா முதல் இரண்டு நாள் தின்னாததுதான் ஆரம்பம் என்கிறார்கள். என் குட்டிகள் வெல்லம் கலந்த தொட்டிக்கு அன்றைக்கே வருகின்றன. அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்துவதே பெரிய வேலை இல்லையா?

பீன்யா_தீவனம்
தின்ன வைக்கிறது என்றால் மறுக்கவில்லை. அது வெல்லத்தின் வேலை. கிருமியை அடக்குகிறது என்பதற்கு மட்டும் கணக்குக் காட்டுங்கள். அடுத்த ஈத்தில் ஒவ்வொரு தாயின் குட்டிகளையும் எடை பார்த்துப் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். ஒரே கொட்டில், ஒரே வைக்கோல், ஒரே பல்பு. இரண்டு பக்கமும் வெல்லம், ஒரு பக்கம் மட்டும் ஓமம், பூண்டு, மஞ்சள். தினமும் காலையில் எத்தனை வால் நனைந்திருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து எடை போடுங்கள். ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம், நாலைந்து ஈத்தாவது வேண்டும்.

ஆனேக்கல்_பண்ணை
செய்கிறேன். ஆனால் ஓமம் இல்லாத பக்கத்தில் கழிச்சல் வந்தால் கணக்குக்காகக் குட்டியைச் சாக விடமாட்டேன்.

ஹெப்பாள்_டாக்டரம்மா
விடவே கூடாது. கழிச்சல் கண்ட உடனே உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுங்கள். கண் குழி விழுந்து, எழுந்து நிற்காத குட்டியாக இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, அவர் சொல்கிற மருந்தை அந்தக் குட்டிக்கு மட்டும் கொடுங்கள். அதையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை குட்டிக்கு மருந்து தேவைப்பட்டது என்பதும் கணக்குதான்.