புதுப்பிப்பு: சுவிஸ் பனிச்சறுக்குக்கு எந்த பாஸ்?

கல்லடியிலிருந்து டிசம்பரில் சுவிஸிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகிறோம், பனிச்சறுக்குக்கு எந்த பாஸ் எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, இப்போது தெளிவாகிவிட்டது.

சுவிஸ் டிராவல் பாஸ் (ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு) இருந்தால், பனிச்சறுக்கு இடமான ஸ்டூஸ் மலைக்கு ஏறும் கேபிள் ரயிலுக்குத் தனிக் காசு இல்லை. உலகிலேயே மிகச் செங்குத்தானது என்று பெயர் பெற்ற ரயில் அது, 2017இல் திறந்தது. ஆனால் மேலே சறுக்குத் தடங்களின் லிஃப்டுக்குத் தனி ஸ்கீ பாஸ் வேண்டும். இதைத்தான் நான் குழப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் என்பதால் எங்களோடு வந்தால், டிராவல் பாஸோடு கிடைக்கும் சுவிஸ் குடும்ப அட்டையில் (Swiss Family Card) ரயில் பயணம் இலவசம். ஸ்கீ பாஸுக்கு அது செல்லாது. டிராவல் பாஸ் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும், ஆகவே அக்கா வாங்க முடியாது.

பனியையே கண்டிராத பிள்ளைகள். முதல் நாள் பயிற்சிச் சரிவு போதும், முழு ஸ்கீ பாஸ் அப்புறம்தான்.